மூன்றாம் நாட்டு மீன்

விண்ணப்பத்தை எழுதியது நான்தான்.
பிரெத்தான் கரை, கெர்வெலன் துறைமுகம்,
கணக்கர் அறை, பிப்ரவரி, ஹீட்டர் பழுது.
கோட்டைக் கழற்றாமலே
பதினொரு பக்கம்.

இங்கிலாந்து பிரிந்துபோன பிறகு
நேற்றுவரை ஃபெரியில் சும்மா வந்திறங்கிய
ஆட்டிறைச்சிக்கு
முத்திரை வேண்டும், மருத்துவர் வேண்டும்,
வெள்ளை ஓடு பதித்த அறை வேண்டும்.
கட்டுவதற்குப் பணம் இருக்கிறது, கேளுங்கள் என்றார்கள்.
கேட்டேன்.
முதல் தலைப்பு: எல்லைச் சோதனைச் சாவடி.
இரண்டாம் தலைப்பு: மீன்பிடித் தளம்.
பனிக்கட்டி இயந்திரம் ஒன்று, பளுதூக்கி ஒன்று,
வலை உலர்த்தக் கூரை,
வெந்நீர்க் குளியலறை இரண்டு.
அஸெனோர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு
பெண்களும்தான் படகில் போகிறோம் என்றாள்.
மூன்று என்று திருத்தினேன்.

முதல் தலைப்புக்கு முழுத் தொகை வந்தது.
இரண்டாவதற்கு
‘பரிசீலனையில்’ என்ற ஒற்றைச் சொல் வந்தது.

சாவடி எழும்பியது.
நான்கு குளிரறை, ஆறு லாரி வாயில்,
தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் தரை.
நாடா வெட்ட வந்தவர்
கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு போனார்.
எட்டாம் மாதம் ஃபெரி கம்பெனி
பாதையை வேறு துறைக்கு மாற்றிக்கொண்டது.
அதன்பின் வாரத்துக்கொரு லாரி.
சில வாரம் அதுவும் இல்லை.
கால்நடை மருத்துவர் ரிவால்
வெள்ளை அங்கியில் உட்கார்ந்து
குறுக்கெழுத்துப் புதிர் போடுவார்.
குளிரறைகள் நான்கும்
காற்றைக் கெடாமல் வைத்திருந்தன.

செப்டம்பரில் ஓர் இரவு
மூன்று படகு நிறையக் கானாங்கெளுத்தி.
மேல்தளத்தில் கால் வைக்க இடமில்லை,
விளக்கொளியில் முதுகெல்லாம் நீல வரி.
அந்த இரவு பார்த்துத்தானா
பழைய பனிக்கட்டி இயந்திரம் இருமி,
இரும்புத்தூள் துப்பி,
நின்றது.
அஸெனோர் ஸ்பானரால் அடித்தாள்.
பிறகு பிரெத்தான் மொழியில் திட்டினாள்.
அதற்கும் அது அசையவில்லை.

ரிவால் வேலிக்கு அப்பால் இருந்து பார்த்தார்.
சாவியை எடுத்தார்.
பதினொரு டன் மீனை
விடியும்வரை கைமாற்றிக் கைமாற்றி
வெள்ளை அறைகளில் அடுக்கினோம்.
ஓடுகளில் முதன்முறையாகச் செதில் ஒட்டியது.
கட்டடத்துக்கு அன்றுதான்
ஒரு வாசனை வந்தது.

காலையில் ரென்னிலிருந்து மேற்பார்வையாளர்.
நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.
எல்லையறைக்குள் போன சரக்கு எதுவாயினும்
மூன்றாம் நாட்டுச் சரக்கு என்றார்.
வெளியே எடுக்கச் சான்றிதழ் வேண்டும்.
படிவத்தை கொனானிடம் நீட்டினார்.
புறப்பட்ட நாடு?
கொனான் கடலைப் பார்த்தார், படகைப் பார்த்தார்,
பிரான்ஸ் என்று எழுதினார்.
வந்து சேர்ந்த நாடு?
பிரான்ஸ்.
பயணத் தூரம்?
எழுந்து போய், நடந்து அளந்துவிட்டு வந்து
இருநூற்று நாற்பது அடி
என்று நிரப்பினார்.

இப்படி ஒரு படிவத்தை
எந்தக் கணினியும் ஏற்கவில்லை.
மூன்றாம் நாள்
மீன் நண்டுக்கூண்டுக்கு இரையாகப் போனது,
கிலோ முப்பது காசு.
ரிவாலுக்கு எச்சரிக்கைக் கடிதம்.
அதைப் புதிர்த்தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அக்டோபரில் மறுபடி உட்கார்ந்தேன்.
இம்முறை ஒரே தலைப்பு.
எல்லைச் சோதனைச் சாவடி, இரண்டாம் கட்டம்:
சோதனை மாதிரிகளைக் குளிர்விக்க
பனிக்கட்டி இயந்திரம்,
நாளொன்றுக்குப் பன்னிரண்டு டன்.
மாதிரி என்பது
விரல் நீளத் துண்டு என்று
எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
மூன்றே வாரத்தில் ஒப்புதல்.
இயந்திரம் நேற்று வந்திறங்கியது.
வேலிக்கு ஒரு மீட்டர் இப்பக்கம் நிறுத்தச் சொன்னேன்;
கொனான் டேப் பிடித்து அளந்தார், இருமுறை.

குளியலறையை மட்டும்
எந்தத் தலைப்பில் நுழைப்பது என்று தெரியவில்லை.
அஸெனோர் தினமும் காலையில்,
தலைமுடியில் உப்போடு,
ஜன்னலைத் தட்டிக் கேட்கிறாள்.