செம்பு, ஐந்து மில்லிகிராம்

இந்த இத்தாலிய ஊரில் எல்லோரும் குழாய் செய்கிறார்கள்.
பித்தளையை வார்த்து, கடைந்து, நிக்கலில் முக்கி,
முகம் தெரியும்வரை தேய்த்து
மிலானுக்கும் துபாய்க்கும் அனுப்புகிறார்கள்.
நான் மட்டும் பள்ளத்தாக்கின் அடியில்
அவர்கள் கழுவிவிட்டதைக் கழுவுகிறேன்.

நானா?
மூன்றாம் தொட்டியில் மாதுளை முத்தாய் உருளும்
அவைதான் கழுவுகின்றன.
அம்மோனியா சோறு, நைட்ரைட் குழம்பு.
தின்றுவிட்டு ஏப்பம் விடும்:
வெறும் நைட்ரஜன்,
நீங்களும் நானும் இழுத்துவிடும் அதே காற்று.

அந்தச் சிவப்பு இரும்பு தந்தது.
செம்பும் வேண்டும்தான், உப்பைப் போல ஒரு சிட்டிகை.
கூடினால்
நொதியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்,
லேசில் எழுந்திருக்காது.

ஒன்று இரண்டாகப் பதினோரு நாள்.
"புளிக்கிற மாவுகூட இதைவிடச் சுறுசுறுப்பு"
என்பாள் ஆய்வகத்து லுச்சில்லா.

திங்கள் விடியலில் குமிழிகள் நின்றிருந்தன.
ஒரு குவளை அள்ளிப் பார்த்தேன்:
மழையில் கிடந்த செங்கல் நிறம்.
நைட்ரைட் ஏறிக்கொண்டே போனது.
லுச்சில்லா எண்ணை வாசித்தாள்.
செம்பு, ஐந்து.
நிக்கல் அதற்கும் மேல்.
ஞாயிறு இரவு யாரோ
ஒரு தொட்டியையே கவிழ்த்திருக்கிறார்கள்.

மேலே ஏழு முலாம் பட்டறைகள்.
நான்காவதில் என் கணவன் தெல்மோவுக்கு இரவு வேலை.

பொலெந்தாவைக் கிளறிக்கொண்டே கேட்டேன்.
"எந்த ஞாயிறு?" என்றான்.
எழுந்து போய்க் கைகழுவினான்.
நெடுநேரம் கழுவினான்.
அவன் பட்டறைக் குழாய்தான்;
மூடினால் சொட்டுக்கூட ஒழுகாது.

படிவத்தில் 'சந்தேகிக்கும் இடம்' என்று ஒரு கட்டம்.
ஏழு பெயரையும் எழுதினேன்,
அகர வரிசையில்.

வரத்தை அடைத்தோம். நல்ல நீர் விட்டு அலசினோம்.
கருத்துப்போனதை வடித்தோம்.
பக்கத்து நிலையத்தில் இரண்டு பீப்பாய்
விதைச்சேறு கடன் வாங்கினோம்.
காய்ச்சல்காரியைப் போர்த்துவதுபோல
தொட்டியை முப்பது டிகிரியில் வைத்தோம்.
தெல்மோ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை,
எத்தனை நாள் ஆயிற்று என்று.

நாற்பத்தொன்று.
இரவு இரண்டேகால்.
மேற்பரப்பில் ஒரு குமிழி.
பார்த்தேனா, தூக்கமா, தெரியவில்லை.
கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றேன்.
அடுத்தது வர
வெகுநேரம் பிடித்தது.