எர்த் உண்டோ

சாலைக் கம்போளத்தில் ஐ.சி. இரண்டு,
டயோடு, குண்டு கப்பாசிட்டர் நாலு.
பொதிந்து தரும்போது கடைக்காரர் கேட்டார்:
"வீட்டில் எர்த் உண்டோ?"
பூமி இல்லாத வீடா என்று சிரித்துவிட்டு
களியக்காவிளை பஸ் ஏறினேன்.

ஜன்னல் சட்டத்து அலுமினியத்தை அறுத்து
ஹீட்சிங்க்.
செத்த கம்ப்யூட்டரின் தகரப்பெட்டி.
ஒரு ஸ்பீக்கர் பழைய டிவியுடையது,
மற்றது ஸ்டெலஸ் ஆட்டோவில் கழற்றியது
(இன்னும் காசு கொடுக்கவில்லை).
ஈயப்புகை, தும்மல்.
ராத்திரி பதினொன்றுக்கு சுவிட்சைப் போட்டால்
ம்ம்ம்ம் என்று ஒரே முனகல்,
இரண்டு பக்கமும் சமமாக.

மூன்று நாள் வயரை மாற்றி மாற்றி
யாரையெல்லாமோ திட்டினேன்.
நாலாம் நாள்
வாழைக்குப் பின்னால் எர்த் குழியைப் போய்ப் பார்த்தேன்.
பங்குனி வெயிலில் வாய் பிளந்து கிடந்தது.
ஒரு வாளி தண்ணி, ஒரு கை கல்லுப்பு.
"பாதி ராத்திரியில ஆருக்கு வெள்ளம் கோருத?"
மதிலுக்கு அப்புறம் ரோசலெட் அக்கா.
"கரண்டுக்கு."

முனகல் நின்றது.
நின்ற பிறகுதான் அறை எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.

பாறசாலைக் கல்யாணத்தை ஓட்டினேன்.
நான் எடுத்தது, நானே வெட்டி ஒட்டுவது,
பத்துத் தடவை பார்த்த மாலை மாற்று.
நாதஸ்வரத்துக்கு அடியில்,
இடது பக்கம் மட்டும்,
"சிரி பிள்ளே."
"சிரிச்சாச்சு."

அப்புறம் என் குரல்,
இரண்டு பக்கமும் சமமாக:
"இன்னும் கொஞ்சம். இங்கப் பாருங்க."

அந்த இடத்தில் பாட்டு வைப்பதுதான் வழக்கம்.
இன்னும் வைக்கவில்லை.
ஹீட்சிங்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.
பொறுக்கிற சூடுதான்.