கட்டபெட்டு ஃபேக்டரி, அதிகாலை

மூன்றாவது முறையும் நின்றுவிட்டது
இலை எடைக்கணக்கு சர்வர்.
"மெமரியை எட்டு ஜிபி ஆக்கிடு" என்கிறார் ஜோகி,
வாடல் தொட்டி விசிறிச் சத்தத்துக்கு மேல்.
ஆக்கினால், புதன் விழுவது வெள்ளி விழும்.

ஹீப் டம்ப் எடுத்தேன்.
மூட்டத்தில் டவர் ஒற்றைக் கோடு;
இறங்கி முடிய விடிந்தது.

உள்ளே ஒரே ஒரு மேப்.
ஏப்ரல் தொட்டு வந்த மூட்டை எல்லாம்
அதில் நிற்கிறது:
பெள்ளி, பதினேழு கிலோ, ஈர இலை.
பணம் கொடுத்தாயிற்று. அந்த இலையை
யாரோ குடித்தும் ஆயிற்று.
குப்பை அள்ளுகிறவன் வந்து வந்து பார்த்து,
இன்னும் யாரோ கையில் பிடித்திருக்கிறார்கள் என்று
தொடாமல் போயிருக்கிறான்.

பட்டுவாடா முடிந்ததும் கையை விடு
என்று ஒரு வரி எழுதினேன்.
ஏறிக்கொண்டே போன கோடு
இப்போது ஏறி இறங்குகிறது,
கோத்தகிரி பஸ் மாதிரி.

"அப்ப எட்டு வேண்டாமா?" என்கிறார் ஜோகி.