மூன்று தழும்புகள்

கவிழ்த்துப் பார்த்தால்தான் தட்டின் ஊர் தெரியும்.
அடியில், மிளகளவில்,
மூன்று தழும்புகள்.
சூளைக்குள் நடுவயிறு தொய்ந்துவிடாதிருக்க
அரித்தாவில் எவனோ முட்டுக்கொடுத்த
களிமண் முளைகளின் தடம்.
சீனத்துத் தட்டில் பெரும்பாலும் இது இராது
என்கிறது கையேடு.

நாகர்கோவிலில், அருங்காட்சியகத்து மாடியறையில்
தினக்கூலிக்குப் பட்டியல் எழுதுகிறேன்.
பதிவேடு நானூற்றுப் பதினேழில்
'சீனம்' என்று முன்னவர் எழுதியதைச்
சிவப்பு மையால் அடித்தேன்.
ஒரே கோடு.
ஒரு தேசம் நகர்ந்தது.

கொண்டுவந்தவன் குளச்சல் வியாகப்பன்,
சிங்கி இறாலுக்கு முங்குகிறவன்.
கிடைத்த இடம்: பார் இடுக்கு.
கிடைத்த விதம்?
வாங்கியது, கொடை, பறிமுதல்.
கடல் என்று படிவத்தில் கட்டம் இல்லை.
கொடையில் குறியிட்டேன்.
"ஏழு வருசம் பூனைக்கு மீன்தல போட்ட தட்டாக்கும் சாரே.
நல்லா வெள்ளம் ஊத்திக் கழுவியாச்சு."

வடகடல் ஓரத்து நகரம் ஒன்றில்
இதன் உடன்பிறப்பு இருக்கிறது,
ஒளி குறைத்த கண்ணாடிக்குள், கீறலின்றி,
நடுவில் கம்பெனியின் மூன்று எழுத்தும் முழுசாய்.
நம்முடையது பாதி.
ஒன்றரை எழுத்து, அரை மாதுளை,
வால் மட்டும் மிஞ்சிய பறவை.
அவர்களுடைய அட்டை சொல்கிறது:
கப்பல், ஏலம், ஒரு சீமாட்டியின் உயில்,
இன்னொரு ஏலம், ஒரு வங்கி.
யாரும் அதில் சாப்பிட்டதாக இல்லை.

போன ஞாயிறு வியாகப்பன் வந்தான், மகளோடு.
வாசலில் ஐந்தும் ஐந்தும் பத்து ரூபாய்.
கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார்கள்.
நிமிர்த்தி வைத்திருக்கிறோம்;
தழும்புகள் சுவரைப் பார்த்திருக்கின்றன.
"நம்ம பேரு எங்கப்பா?"
"அது ரசீதுல இருக்கு மக்ளே."

அன்று சாயங்காலம்
குறிப்பு என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்:
வியாகப்பன், குளச்சல். பூனை, ஏழு ஆண்டு.
அந்த நகரத்திலிருந்து பட்டியல் கேட்டிருந்தார்கள்.
பெயர்களை ஒலிபெயர்த்து அனுப்பினேன்.

நேற்றுப் பதில், மிகுந்த மரியாதையோடு:
தங்கள் நானூற்றுப் பதினேழின் உரிமைத் தொடரில்
பூனை என்பவர் எக்காலத்துச் சேகரிப்பாளர்?
வேறு பொருட்களும் அவர் வசம் இருந்தனவா?

இருந்தன, என்று தொடங்கியிருக்கிறேன்.
கவிழ்த்துப் போட்ட ஃபைபர் வள்ளத்தின் நிழல், ஒன்று.
கிழிந்த வலை, ஒன்று.
மீன்தலைகள்,
எண்ணி வைக்கப்படவில்லை.