புறங்கை

பேரணாம்பட்டின் கடைசித் தெருவிளக்கு
அணைவதற்குள் கிளம்பிவிட்டோம்.
பையில் மூன்று லிட்டர் தண்ணீர்:
எங்கள் இருவருக்கும் ஒன்று, குண்டூசிக்கு இரண்டு.
அதன் நாலு காலுக்கும்
கம்பெனிக் கழிவுத் தோலில் நான் தைத்த செருப்பு.
மாட்டியதும் ஒவ்வொரு காலாய்த் தூக்கி உதறி
கடன் கொடுத்தவளைப் போல
என்னை முறைத்தது.
தஸ்லீமா சிரித்துச் சிரித்து
ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு மணிக்குப் பாறை.
புறங்கையை வைத்து எண்ணினேன்.
ஏழு வரை தாங்கினால் அதற்கும் தாங்கும்.
ஐந்தில் எடுத்துவிட்டேன்.
'ஆந்திரா வெயில்' என்றாள் தஸ்லீமா,
வெயிலுக்கும் ரேஷன் கார்டு இருப்பதுபோல.

பாறையை விட்டு ஓடைத் தடத்தில் இறங்கினோம்.
கயிறு இரண்டு முழம்தான்.
போன பங்குனியில் எல்லைக்கு அந்தப் பக்கம்
ஆட்டுக்காரர் கங்குலப்பாவின் நாய்
யானையைக் குரைத்து விரட்டப் போனது.
யானையோடு திரும்பி வந்தது,
நேராக அவரிடம்.

வளைவில் குண்டூசி நின்றது.
செருப்பை மறந்துவிட்டது.
வாலிலிருந்து பிடரிவரை
மயிர் ஒரு தையல் கோடாய் எழுந்தது.

தடத்தின் நடுவில் லத்தி.
மூங்கில் நார், இரண்டு மாங்கொட்டை.
அதே புறங்கையை மேலே பிடித்தேன்.
எண்ண வேண்டியிருக்கவில்லை.

தஸ்லீமா ஒரு சிட்டிகை மண்ணை உதிர்த்தாள்.
அது எங்களிடமிருந்து
மூங்கில் புதரை நோக்கிப் பறந்தது.

பதினெட்டுக் கிலோவைத் தூக்கி
வாயைப் பொத்தினேன்.
என் உள்ளங்கைக்குள் ஒரு குரைப்பு
வழி தேடித் துடித்தது.
எங்கோ மூங்கில் முறிந்தது.
ஓடவில்லை. நடந்தோம்.
நாக்கால்தான் நாய் வெயிலை வெளியேற்றும்.
அந்த ஒரு கதவையும்
முந்நூறு அடி தூரம்
நான் சாத்தி வைத்திருந்தேன்.

குழாயடியில் துண்டை நனைத்து
அடிவயிற்றில், தொடை இடுக்கில், பாதத்தில்.
தண்ணீர் கை கையாக, கொஞ்சம் கொஞ்சமாக.
இரைப்பு அடங்க
ஒரு பஸ் போய் அடுத்த பஸ்ஸும் போனது.
அப்புறம்தான் தஸ்லீமா எண்ணினாள்:
செருப்பு மூன்று.

திங்கட்கிழமை கறுப்புத் துண்டு கிடைக்கவில்லை.
பழுப்பில் தைத்துக்கொண்டிருந்தேன்.
சூப்பர்வைசர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.
'எந்த நாட்டு ஆர்டர் இது?
ஜோடி எங்கே?'

சொல்ல வாயெடுத்து
நூலைக் கடித்து அறுத்தேன்.