அடைப்பு

ஒன்பதாம் நாளும் தேக்கந்தோப்பு
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது.
மேலே இலை. கீழேயும் இலை.
நடுவில் சங்கத்துக்கு அடமானம் வைத்த
நூற்றிப்பத்து மரம்.

பொக்லைன் வராது என்றார்கள்,
கரை தாங்காதாம்.
மனு கொடு என்றார்கள்.
கொடுத்தோம், அதுவும் நனைந்திருந்தது.

ஆகவே கை.
பக்கிரிசாமி, வேம்பு, லூர்து, நான்.
இரண்டு கொக்கி அரிவாள்,
பம்புசெட்டுக் கயிறு,
டப்பாவில் புளிச்சோறு,
அட்டைப்பூச்சிக்கென்று சுண்ணாம்பு.
சுண்ணாம்பு பக்கிரிசாமியின் வெற்றிலைக்கே சரியாகிவிட்டது;
அட்டைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன.

அடப்பாற்றுக்குப் போகும் வடிகாலில்
பனங்கட்டைப் பாலத்துக்கு அடியில்
கிடந்தது அது.
யாரும் கட்டாத அணை.
ஆளுக்குக் கொஞ்சம் கட்டியது என்றும் சொல்லலாம்.

"நடுவுல கை வைக்காதே" என்றான் பக்கிரிசாமி.
"மொத்தமா பிச்சுக்கிட்டா
நம்மளையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்.
கீழண்டை ஓரத்துலேருந்து வா,
மீன்ல முள்ளு எடுக்குற மாதிரி."

முள்ளெடுத்தோம்.
முதலில் ஆகாயத்தாமரை. அதன் வேர்
நனைந்த தலைமுடியாக விரலில் சுற்றிக்கொள்ளும்.
அதற்குள் தென்னமட்டை,
மட்டைக்குள் கருவேலங்கிளை,
கிளைக்குள் நைலான் வலை,
வலைக்குள் செத்த தண்ணிப்பாம்பு,
ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல்,
குவார்ட்டர் பாட்டில்கள். லூர்து எண்ணினான்,
நாற்பத்தொன்றோடு விட்டுவிட்டான்.

அப்புறம் ஒரு கல்யாண பேனர்,
இரும்புச் சட்டத்தோடு குறுக்கே செருகி.
கயிறு கட்டி நாலு பேரும் இழுத்தோம்.
தண்ணீரை மறித்ததில் பாதி
சேறு பூசிய இந்த மாப்பிள்ளையும் பெண்ணும்தான்.
வேம்பு முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.
"அட, மேலக்கரைப் பொண்ணு!
இப்ப இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு."
அவளைக் கரையில் சாத்தி வைத்தோம்,
தலை மேலே இருக்கும்படி.

மூன்று மணி இருக்கும்.
ஒரு மூங்கில் கழியை உருவினேன்.
சத்தம் முதலில் வரவில்லை.
காலடியில் மண் நகர்ந்தது.
முழங்காலைத் தண்ணீர்
கன்றுக்குட்டிபோல முட்டியது.
பிறகு ஒரு தொண்டைச் செருமல்.
பிறகு, பக்கிரிசாமி கத்தியது
வாயசைவாகத்தான் தெரிந்தது.
கரையேறினோம்.

தேக்கில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன்.
கோட்டுக்குக் கீழே ஒரு விரல் மரம்,
நாலு விரல்,
ஒரு சாண்.
வெளிப்பட்ட பட்டையெல்லாம் நத்தை.
நாங்கள் சிரிக்கவில்லை என்றால் பொய்.
புளிச்சோறு அப்போதுதான் ருசித்தது.

இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்:
வடிகால் போகிற வழியில், மூன்று மைல் தள்ளி,
என் தங்கை வாக்கப்பட்ட ஊர்.
காலையிலேயே போன் போட்டிருந்தேன்.
"திறக்கப் போறோம்.
நெல்லு மூட்டையை மேலே ஏத்திடு."
அந்தப் பக்கம் அடுப்பு ஊதும் சத்தம் நின்றது.
"எத்தனை மணிக்கு?" என்றாள்.
வேண்டாம் என்று சொல்லியிருந்தால்
எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ராத்திரி எட்டுக்கு அவளே கூப்பிட்டாள்.
"வாசப்படிக்கு வந்துடுச்சு."
பின்னால் அவள் புருஷன்
யாரையோ ஏசுவது கேட்டது.
யாரையோ என்ன, என்னைத்தான்.
"எங்க மதகும் இப்படித்தான் அடைச்சுக் கிடக்கு.
இவரு கயிறு கேக்குறாரு. இருக்கா?"

இருந்தது.
நகக்கண்ணில் சேறு இன்னும் போகவில்லை.
ஈரக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு
தண்ணீர் போன வழியே நடந்தேன்,
அதற்குப் பின்னால்,
அதைவிட மெதுவாக.