இருந்தால் தேவல

பெயர் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறது.
பனிமூட்டம், பின்னால் ஏதோ கோட்டை,
இடது பக்கம் அவன், வலது பக்கம் அவள்.
நான் வலது பக்கம் போனேன்.

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் என் கடை.
செல்போன் ரிப்பேர். ஒன்பதரைக்குப் பாதி ஷட்டர்,
அப்புறம் கம்ப்யூட்டர் எனக்கு.
குனிந்து உள்ளே வந்த லோகிதாசன் கேட்டான்:
"ஏன்டா, பொம்பளைய எடுத்துகினு கீற?"
எல்லாரும் சொல்வதையே சொன்னேன்.
அறுபது மணி நேரம் முதுகைப் பார்த்துகினே ஓடணும்,
ஆம்பள முதுகை எவன் பார்ப்பான்?
சிரித்தான்.
அந்தப் பதில் சில்லறை மாதிரி, எங்கேயும் செல்லும்.

வில் கொடுத்தேன், கன்னத்தில் ஒரு வெட்டு,
மூக்கை மூன்று தரம் மாற்றினேன்.
கடைசியில் ரேணுகா என்று தட்டினேன்.
நான் வயிற்றில் இருந்தபோது
பெண்ணேதான் என்று அடித்துச் சொல்லி
படவேட்டில் அம்மா பேசி வைத்த பெயர்.
முப்பத்தொரு வருஷமாக
உறை பிரிக்காத சிம் கார்டாய்க் கிடந்தது.

மறுநாள் டீக்கடையில்தான் கவனித்தேன்.
"பாலத்துல அந்த ராட்சசன் அடிச்சதுல
செத்துட்டேன்டா" என்கிறேன்.
செத்தாள் என்று சொல்லவில்லை, செத்தான் என்றும்.
தமிழ் இரண்டாம் தாளில் நாற்பத்திரண்டு வாங்கியவனுக்கு
இது மட்டும் பிடிபட்டது:
அவன் வந்தான், அவள் வந்தாள்,
நான் வந்தேன்.
கடைசியில் நிற்கிற அந்த ஏன்
யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.
லோகி கேட்ட ஏனுக்கு
என்னிடம் இருந்ததும் அந்த ஏன்தான்.

தை மாதம் கல்யாணம். ஆற்காட்டுப் பெண், பூங்கோதை.
ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை இழுத்துப் போட்டு
"நானும் ஒண்ணு செஞ்சுக்கட்டா?" என்றாள்.
இடது பக்கம் போனாள்.
தோளும் தாடியுமாக ஒருத்தன் வருவான் என்று பார்த்தேன்.
வயதை ஐம்பத்தைந்துக்குத் தள்ளினாள்.
முடியை வழித்தாள்.
தொப்பையை, அந்தக் கோடு போகிற மட்டும் இழுத்தாள்.
பெயர் கேட்டதற்கு ஒரு புள்ளி வைத்தாள்.
"இன்னாத்துக்கு இப்படி?"
"எவனும் திரும்பிப் பாக்காத உடம்பு
எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

கத்தியை உருவவே இல்லை.
இருட்டின சந்தை வழியாக அவனை நடத்திப் போனாள்,
சத்திரத்து வாசலில் நிறுத்தினாள்,
குடிகாரர்கள் நடுவே போய்
சும்மா உட்கார வைத்தாள்.
ஆற்றோரம், ஆளில்லாத பாதை, இன்னும் மெதுவாக.
ஓடுவதற்குப் பொத்தான் இருக்கிறது என்றேன்.
தெரியும் என்றாள்.

அன்று ராத்திரி ரேணுகாவை நினைத்துக்கொண்டேன்.
எத்தனை காடு, எத்தனை நடுச்சாமம்.
ஒருத்தன் கிட்டே வந்ததில்லை, வந்தால் அம்பு.
பயத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.
நானும் பில்லைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன்.

வைகாசி ஒன்று. சிரசுத் திருவிழா.
தரணம்பேட்டையிலிருந்து
மாலைக்குள் மாலையாக அம்மன் தலை மட்டும்
ஜனத்தின்மேல் மிதந்து வருகிறது.
தலை ஒருத்தியுடையது,
கோயிலில் காத்திருக்கும் உடல் வேறொருத்தியுடையது.
பொருத்திய பிறகுதான் கண் திறக்கும்.
யாருடைய கண் என்று இந்த ஊர் கேட்டதில்லை.

தேங்காய் உடைகிற சத்தம். பம்பை.
முன்னால் இருந்து ஒரு நெருக்கு, பின்னால் இருந்து ஒன்று.
பூங்கோதை கைப்பையை மார்போடு திருப்பிக்கொண்டாள்,
முழங்கை இரண்டும் தானாக வெளியே வந்தன,
கழுத்து திரும்பவே இல்லை.
எத்தனை வருஷப் பழக்கமோ.
என் காதருகே வந்து கத்தினாள்:
"இப்ப அந்தத் தொப்பை இருந்தா தேவல!"

எனக்கும் கொஞ்சம் உண்டு.
கல்யாணத்திலிருந்து எக்கிப் பிடித்து வைத்திருந்தேன்.
விட்டேன்.